செய்யாததற்கு ஒரு மன்னிப்பு

லங்காஸ்டர், பென்சில்வேனியா
மார்ச் 3

கர்த்தருக்குள் அன்பான லவைனா அக்காவுக்கு,

தங்கை சலோமி எழுதுகிறேன். நீயும் கிதியோன் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கென்டக்கியில் பனி விலகிவிட்டதா? இங்கே வயல்களில் இன்னும் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது.

நாங்கள் சுகமாக இல்லை அக்கா. மிரியம் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். போன மாதத் தொடக்கத்தில் வீட்டிலேயே பிறந்தாள் என்று எழுதியிருந்தேனே, அவள்தான். கொஞ்சம் மஞ்சளாக இருந்தாளே தவிர நன்றாகப் பால் குடித்தாள். வியாழக்கிழமை காலையில் பால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மதியத்துக்குள் ஒரு பக்கக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நம் ஜனத்தில் யாரிடம் கார் இருக்கிறது? பென்யுவேல் ஓடிப்போய்ப் பக்கத்துப் பண்ணை வெளியாரைக் காரோடு கூட்டி வந்தார்.

பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். இங்கே இருக்கிற பிள்ளைகளில் மிரியம்தான் பெரியவள். பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பையன் என் உள்ளங்கையில் அடங்கிவிடுவான். மிரியமுக்கு மூச்சும் குழாய் வழி, பாலும் குழாய் வழி.

படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தலைக்குள் ரத்தக்கசிவு என்றார்கள். இதைப் படிக்கும்போது உனக்கு யார் நினைவு வரும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அவன் நினைவுதான் வந்தது.

உங்கள் ஊர்த் தொலைபேசிக் கொட்டகையில் சேதி விட்டேன். கேட்டாயா? எங்களுக்காக ஜெபம் செய்யுங்கள்.

உன்
சலோமி

*

கென்டக்கி
மார்ச் 11

அன்புள்ள சலோமிக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. நாங்கள் நலம். கிதியோனுக்கு மட்டும் மர அறுவை மில் தூசியில் இருமல் விடவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. சேதியையும் கேட்டோம். திரும்பக் கூப்பிட நினைத்தேன், கொட்டகையில் எப்போது போனாலும் யாராவது இருக்கிறார்கள். நேற்றுச் சபையில் மிரியமுக்காக ஜெபித்தோம்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அக்காவாகச் சொல்கிறேன். களைத்த தாய்க்குக் கை நழுவுவது உலகத்தில் நடக்காததல்ல. டாக்டர்களிடம் எதையும் மறைக்காதே. உள்ளதைச் சொல்லிவிட்டால் மனம் லேசாகிவிடும். அதனால் இங்கே யாரும் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டோம். முன்பும் நினைக்கவில்லை.

பென்யுவேலுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

லவைனா

*

லங்காஸ்டர்
மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் இருமலுக்குத் தேனும் வெங்காயச் சாறும் கொடுத்துப் பார். மிரியம் அப்படியேதான் இருக்கிறாள்.

உன் கடிதத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தேன். என் கை நழுவவில்லை அக்கா. யாருடைய கையும் நழுவவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் மாவட்டக் குழந்தைகள் நல அதிகாரிக்குத் தெரிவித்துவிட்டார்கள். கைக்குழந்தையின் தலைக்குள் ரத்தம் இருந்தால் அப்படிச் செய்தாக வேண்டுமாம். ஒரு அம்மாள் வந்தார். நீங்கள் ஆமிஷ்காரர்கள் என்றாலும் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, குழந்தையை யார் யார் தூக்கினார்கள், வீட்டில் யாருக்குக் கோபம் வரும் என்றெல்லாம் விசாரித்தார். "உங்க வீட்டுக்காரர் குதிரைய அடிப்பாரா?" என்று என்னிடம் கேட்டார். பென்யுவேல் பக்கத்தில்தான் நின்றார். "அடிச்சா அது வண்டி இழுக்காதும்மா" என்றார்.

பிறகு குடும்பத்தில் இதற்குமுன் குழந்தை ஏதாவது இப்படி இறந்ததா என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அக்காவின் மகன் என்றேன். "அப்ப அந்தக் குழந்தை யார் கையில இருந்துச்சு?" என்றார். என் கையில் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாள் என் மூத்த பிள்ளைகள் இருவரையும், ரூபனையும் ஆனியையும், கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் ஆட்கள் வீட்டில் விடச்சொல்லிக் கெஞ்சினோம், கேட்கவில்லை. டெலிவிஷன் வைத்திருக்கிற யாரோ வெளியார் வீட்டில் இருக்கிறார்களாம். ஆனிக்கு இரண்டு வயதுதான் அக்கா. நம் பாஷையைத் தவிர அவளுக்கு வேறு தெரியாது.

அன்று உன் வீட்டு அடுக்களையில் நடந்ததை நாம் ஒரு நாளும் பேசியதில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன். எனக்குப் பதினேழு வயது, அப்போதுதான் ஞானஸ்நானம் ஆகியிருந்தது. உன் பிரசவத்துக்கு ஒத்தாசையாக வந்திருந்தேன். நீ பால் கறக்கப் போயிருந்தாய். ஜோனஸ் என் மடியில் கிடந்தான், அப்படியே துவண்டுபோனான். அவ்வளவுதான் நடந்தது. கீழே போட்டாயா என்று கேட்டாய், இல்லை என்றேன். திரும்பவும் கேட்டாய், திரும்பவும் இல்லை என்றேன். அடக்கம் முடிந்த பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சொல்லிடு சலோமி. சொன்னா மன்னிச்சிடுவோம்" என்றாய்.

நான் "தெரியல" என்றேன். எல்லாருக்கும் அதுவே போதுமாக இருந்தது. சபைக்கு முன்னால் முழங்காலிட்டு, அஜாக்கிரதையாக இருந்துவிட்டேன் என்று அறிக்கை செய்தேன். எல்லாரும் மன்னித்தீர்கள். நீங்கள் கென்டக்கிக்குக் குடிபோய்விட்டீர்கள்.

இத்தனை வருஷமாக என் பிள்ளைகளைத் தூக்கும்போதெல்லாம் என் கையை நானே கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே டாக்டர் மார்லோ என்று ஒரு பெண் டாக்டர். மிரியமின் குதிகாலில் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிந்ததை அவர்தான் கவனித்தார். "இது அடிபட்டதுனால வந்த ரத்தம் மாதிரி தெரியல. உறையவே தெரியாத ரத்தம் மாதிரி இருக்கு" என்றார். மரபணுப் பரிசோதனைக்கு எங்கள் மூன்று பேரின் ரத்தத்தையும் எடுத்திருக்கிறார். முன்பெல்லாம் மாதக்கணக்கில் ஆகுமாம், இப்போது சீக்கிரம் தெரிந்துவிடும் என்கிறார்.

பதில் போடு.

சலோமி

*

லங்காஸ்டர்
மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். அனைவரும் சுகம்தானே?

முடிவு வந்துவிட்டது. மிரியமுக்குப் பிறவியிலேயே ஒரு வியாதி. பித்தம் குடலுக்குச் சரியாக இறங்காது. அதனால் பாலில் இருக்கிற கொழுப்பு உடம்பில் சேராது, அதோடு சேர வேண்டிய ஒரு வைட்டமினும் சேராது. அந்த வைட்டமின் இல்லாவிட்டால் ரத்தம் உறையாது. தும்மினாலே போதும், உள்ளே எங்காவது கசிய ஆரம்பித்துவிடும். யாரும் கீழே போட வேண்டியதில்லை, குலுக்க வேண்டியதில்லை.

தகப்பனிடம் ஒரு பாதி, தாயிடம் ஒரு பாதி. எங்களுக்கு ஒன்றும் செய்யாது, இரண்டும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்தால்தான் வியாதி. நம் ஜனம் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொடுத்து வந்ததில் இது பல வீடுகளில் இருக்கிறதாம். டாக்டர் மார்லோ ஒரு தாளில் எங்களை வட்டமும் சதுரமுமாக வரைந்தார். ஜோனஸைப் பற்றிச் சொன்னேன். நீயும் நானும் அக்கா தங்கை, அத்தானும் பென்யுவேலும் அண்ணன் தம்பி என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உங்க அக்காவும் அவங்க வீட்டுக்காரரும் ஒரு தடவ ரத்தம் குடுத்துப் பாக்கணும்" என்றார்.

பிறந்தவுடன் அந்த வைட்டமின் ஊசி போட்டிருந்தால் கசிந்திருக்காது. மருத்துவச்சி கேட்டார். இரண்டு பிள்ளைகளும் ஊசி இல்லாமல் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று நாங்கள்தான் வேண்டாம் என்றோம்.

ஊசி இப்போது போட்டுக் கசிவு நின்றுவிட்டது. ஆனால் மிரியம் கண் திறக்கவில்லை.

அக்கா, ஜோனஸுக்கும் மஞ்சள் இருந்தது. வெயில்படட்டும் என்று ஜன்னலோரம் போட்டிருந்தோம், ஞாபகம் இருக்கிறதா?

சலோமி

*

கென்டக்கி
ஏப்ரல் 19

அன்புள்ள சலோமிக்கு,

உங்கள் அனைவருக்கும் வாழ்த்துதல். தாமதத்துக்கு மன்னிக்கவும். புகையிலை நாற்றங்கால் வேலை, அதன்மேல் இரண்டு வாரம் விடாத மழை. கோழிகளில் பாதி நனைந்து செத்துப்போயின. கிதியோனின் இருமல் தேவலை.

பரிசோதனை பற்றி எழுதியிருந்தாய். கர்த்தர் நம்மை உருவாக்கின விதத்தை இப்படித் துருவிப் பார்ப்பது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் டாக்டருக்கு ஜோனஸைத் தெரியாது. அவனை அவர் பார்த்ததும் இல்லை.

பழையதைக் கிளற வேண்டாம் சலோமி. மன்னித்தது மன்னித்ததுதான்.

மிரியமுக்காகத் தினமும் ஜெபிக்கிறோம்.

லவைனா

*

லங்காஸ்டர்
ஏப்ரல் 29

அக்காவுக்கு,

மிரியமை வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம்.

மூளையில் பெரும்பகுதி போய்விட்டது, இனி தானாக மூச்சு விட மாட்டாள் என்றார்கள். "இந்த வியாதிக்கு மருந்து இருக்குன்னு சொன்னீங்களே" என்று பென்யுவேல் டாக்டர் மார்லோவிடம் கேட்டார். "இருக்கு. கசியறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா" என்றார் அவர்.

நர்ஸ் குழாய்களை எடுத்துவிட்டு அவளை என் மடியில் வைத்தார். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அன்றுதான் நான் தைத்த உடுப்பை அவளுக்குப் போட்டேன். கை வீங்கியிருந்ததால் சட்டை நுழையவில்லை, முதுகுப்பக்கம் கத்தரித்துப் போட்டோம். பென்யுவேல் பாட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பாட்டைத் தொடங்கினார், பாட முடியாமல் நிறுத்திவிட்டார். பக்கத்துப் பெட்டிப் பையனின் அம்மா திரையைத் தாண்டி வந்து என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அடக்கத்துக்கு முந்தின நாள்தான் ரூபனையும் ஆனியையும் திருப்பிக் கொடுத்தார்கள். பரிசோதனை முடிவு வந்தும் அவர்களுக்கு அத்தனை நாள் ஆயிற்று. ஆனி என்னிடம் வரமாட்டேன் என்று அழுதாள். அந்த வீட்டு அம்மாவைத் தேடினாள். அதிகாரி அம்மாள் வாசலிலேயே நின்று, "எங்க வேலையத்தான் நாங்க செஞ்சோம்" என்றார். பென்யுவேல் அவரைக் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அவர் உள்ளே வரவில்லை.

உங்கள் ஊர்க் கொட்டகையில் அன்றே சேதி விட்டிருந்தேன். வேன் சத்தம் கேட்கும்போதெல்லாம் நீயாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன்.

சலோமி

*

கென்டக்கி
மே 12

அன்புள்ள சலோமிக்கும் பென்யுவேலுக்கும்,

ஆறுதலின் தேவன் உங்களைத் தாங்குவாராக. அடக்கத்துக்கு வர முடியாமல் போனது. எனக்கு உடம்பு சரியில்லை, தூரப் பயணம் கூடாது என்றார்கள். பயப்படும்படியாக ஒன்றுமில்லை.

பிள்ளைகளுக்கு உலர்ந்த ஆப்பிள் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். ஆனிக்கு ஒரு குல்லா தைத்தேன், அளவு சரியாக இருக்கிறதா பார்.

லவைனா

*

லங்காஸ்டர்
ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

குல்லா சரியாக இருக்கிறது. ஆப்பிளை ரூபன் ஒருவனே தின்று தீர்த்துவிட்டான். பென்யுவேல் வைக்கோல் வேலையில் இருக்கிறார். பேச்சு குறைந்துவிட்டது, மற்றபடி சுகம்.

சித்தப்பா மகள் ஃபேனி உங்கள் ஊர்க் கலியாணத்துக்கு வந்துவிட்டுப் போன வாரம் இங்கே வந்தாள். நீ ஆகஸ்ட் கடைசியில் பிள்ளை பெறப்போகிறாய் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏன் எழுதவில்லை என்று கேட்க மாட்டேன்.

ஜோனஸுக்குப் பிறகு உனக்கு இரண்டு பிள்ளைகள் நல்லபடியாக இருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் இரண்டு இருந்தார்கள். அதை நம்பித்தான் நான் ஊசியை வேண்டாம் என்றேன்.

பிறந்தவுடன் அந்த ஊசியைப் போடச் சொல். மருத்துவச்சியின் பையிலேயே இருக்கும். பிறகு ரத்தப் பரிசோதனைக்குக் கொடு. இதை ஜோனஸுக்காகக் கேட்கவில்லை, எனக்காகவும் கேட்கவில்லை. நான்தான் அன்றைக்கு அவனைக் கீழே போட்டேன் என்றே வைத்துக்கொள். அப்படியே நினைத்துக்கொண்டு இரு. நான் மறுத்துப் பேச மாட்டேன், சபையில் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். ஊசியை மட்டும் போட்டுவிடு அக்கா.

சலோமி

*

கென்டக்கி
செப்டம்பர் 4

சலோமிக்கு,

கிதியோன் எழுதுகிறேன். கடிதம் எழுதிப் பழக்கம் இல்லாதவன். நீங்கள் அனைவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் பெண் குழந்தை பிறந்தது. லேயா என்று பெயர். லவைனாவும் நன்றாக இருக்கிறாள்.

உன் கடிதங்களை அவள் எனக்குக் காட்டியதில்லை. மிரியமுக்கு ஏதோ ரத்தக் கோளாறு என்று மட்டும்தான் சொன்னாள். அவளிடமிருந்து உனக்குப் பதில் வரவில்லை என்று பென்யுவேல் ஜூலையில் மில்லுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னான். எல்லாவற்றையும் அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் கேட்டதற்கு லவைனா பால் வாளியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டாள்.

பிரசவம் ஆனதும் மருத்துவச்சியிடம் ஊசி போடச் சொன்னேன். லவைனா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்றாள். ஊசி வலிக்கும் என்றாள், நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். கடைசியில், "இந்த ஊசி இவளுக்கு வேணும்னா அவனுக்கும் வேணுமாத்தான இருந்திருக்கும். அப்ப என் தங்கச்சிய நான் என்ன பண்ணி வெச்சேன்?" என்றாள். "அத அப்புறம் பாத்துக்கலாம் லவைனா. இப்ப புள்ளைய குடு" என்றேன். கொடுக்கவில்லை. அவள் விரல்களை நான் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் வேன் பிடித்து நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துக்கொண்டு எங்கள் மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். இன்று முடிவு சொன்னார்கள். மிரியமுக்கு இருந்த அதே வியாதிதான். தலையில் கசிவு இல்லை. மருந்து ஆரம்பித்துவிட்டார்கள்.

உனக்கு எழுதச் சொல்லி லவைனா சொல்லவில்லை. நானாக எழுதுகிறேன்.

கிதியோன்

*

கென்டக்கி
அக்டோபர் 30

அன்புள்ள சலோமிக்கு,

உனக்கும் பென்யுவேலுக்கும் பிள்ளைகளுக்கும் தேவகிருபை உண்டாவதாக. இங்கே புகையிலை எல்லாம் கொட்டகையில் ஏறிவிட்டது. குழந்தை எடை போடுகிறாள். மஞ்சள் இன்னும் போகவில்லை.

ஜோனஸுக்கும் இதுவாகத்தான் இருக்குமா என்று இங்கத்திய டாக்டரிடம் கேட்டேன். அநேகமாக என்றார். அடக்கம் செய்த பிள்ளையைப் பற்றி அதற்குமேல் தன்னால் சொல்ல முடியாது என்றார். அந்த "அநேகமாக"வைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் இருந்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

உங்கள் பிஷப்புக்கு எழுதியிருக்கிறேன். சபையில் வாசிக்கும்படி கேட்டிருக்கிறேன். அதில் இருப்பதை உனக்கென்று தனியாக எழுத உட்கார்ந்தேன். பலமுறை உட்கார்ந்தேன். வரவில்லை சலோமி.

எனக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டும். பக்கத்துப் பெண்கள் முறைபோட்டு வருகிறார்கள், ஆனால் லேயாவை அவர்களிடம் விட்டுவிட்டுக் கோழிக்கூடு வரைகூடப் போக எனக்கு மனம் வரவில்லை. நீ வா. உன்னிடம் விட்டுவிட்டுப் போவேன்.

லவைனா

*

லங்காஸ்டர்
நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். லேயா எடை போடுகிறாள் என்று கேட்டுப் பென்யுவேல் ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார். கிதியோன் அத்தானிடம் சொல், அவருக்குக் கடிதம் எழுத வருகிறது.

பிஷப் உன் கடிதத்தைப் போன ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு வாசித்தார். பிள்ளைகளையும் ஞானஸ்நானம் பெறாதவர்களையும் வெளியே அனுப்பிவிட்டு, மெதுவாக, முழுவதும் வாசித்தார். நான் முழங்காலிட்டதை இனிச் சபை கணக்கில் வைக்காது என்றார். எல்லாரும் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு பெஞ்சுகளை மேஜையாக்கிச் சாப்பிட உட்கார்ந்தோம். ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், ஊறவைத்த பீட்ரூட். என் பக்கத்தில் இருந்தவள் ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தினாள், இந்த வருஷம் யார் வீட்டில் எத்தனை கலியாணம் என்று பேசினாள். நான் ஏதோ மாற்றம் தெரியும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து துணி மடித்தேன்.

நீ கூப்பிட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். நான் வரவில்லை அக்கா. கோபத்தினால் அல்ல என்று எழுதத்தான் ஆரம்பித்தேன், ஆனால் அதில் கோபமும் இருக்கிறது. அதிகாரி அம்மாள் இன்னும் எப்போதாவது வந்து ரூபனின் முதுகைப் பார்த்துவிட்டுப் போகிறார். ஆனி நான் அறையை விட்டு வெளியே போனால் கதவைத் தட்டி அழுகிறாள். அந்த அளவுக் குழந்தையை இப்போது என்னால் தூக்க முடியுமா என்றும் தெரியவில்லை.

ஆனால் இதையெல்லாம் கவனி. லேயாவுக்கு அரிப்பு வரும், இந்த வியாதியில் அதுதான் பெரிய தொந்தரவாம். நகத்தை ஒட்ட வெட்டு, தூங்கும்போது கைக்குத் துணி உறை போடு. இல்லாவிட்டால் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வாள். வைட்டமினை ஒரு வேளையும் விடாதே, வாந்தி எடுத்தால் டாக்டரைக் கேட்டுத் திரும்பக் கொடு. மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தால் அன்றைக்கே சொல்லிவிடு. மூக்கிலோ தொப்புளிலோ ரத்தம் கசிந்தால் விடியட்டும், வேலை முடியட்டும் என்று காத்திருக்காதே. அத்தானை மில்லிலிருந்து கூப்பிட்டுக் கிளம்பிவிடு.

இதெல்லாம் டாக்டர் மார்லோ சொல்லிக்கொடுத்தது. மிரியமை வீட்டுக்குக் கொண்டுபோவோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த நாட்களில் கேட்டு வைத்துக்கொண்டேன்.

பனி விலகிய பிறகு அவளை இங்கே கொண்டு வா. வாங்கி மடியில் வைத்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனாலும் கொண்டு வா.

சலோமி